ஏரிக்குள் ஒரு வண்டித்தடம்

ஐஸ் பெட்டியின் பிளக் மூன்றாவது முறையாகக் கழன்று விழுந்தது. மதிவதனி குனிந்து அதைச் செருகி, ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்து இடுக்கில் திணித்தாள். பெட்டியின் மேல் சிவப்பாக டிகிரி ஓடியது. கம்பெனியில் மெஷின் லைனில் நின்று நாளெல்லாம் அளவு பார்க்கிற பழக்கம், எண் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. கண்ணாடிக்குள் அப்பா யாரோ கட்டிவிட்ட புது வேட்டியில் படுத்திருந்தார்.

பலராமனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. காலையில் ஷிப்ட் மாற்ற வந்தவன் தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிட்டது.

"அழுதுடும்மா, உள்ளயே வெச்சிக்காத" என்று நாலு பெண்கள் சொல்லிவிட்டார்கள். மதிவதனிக்கு அழுகை வரவில்லை. எல்லாம் அடுத்த வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. அம்மா கங்காவோ அழுது அழுது தொண்டை கட்டி, இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

வாசலில் சித்தப்பா கோபாலின் குரல் கேட்டது. ஏரிக்கரை முள்மரத்தை எடுக்க அவர் கூப்பிட்டிருந்த ஜேசிபி ஓட்டும் நெல்லையப்பன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பிள்ளைப்பாக்கம் சைட்டில் வேலை.

"அண்ணாச்சி, நான் போய்ப் பாத்துட்டேன். மரம் பூரா கூடுல்லா இருக்கு. குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. வண்டிய விட்டா அம்புட்டும் போயிரும். நீங்க சொன்னா செய்யுதேன். பாவம் எனக்கு வேண்டாம்."

கோபால் அவனை விட்டுவிட்டு மதிவதனியைப் பார்த்தார்.

"மரத்த வெட்டாம சுடுகாட்டுக்குப் போவ வழியில்லம்மா. தார் ரோடு புடாரி கோயில் வாசல்ல போவுது. நேத்துதான் காப்பு கட்டிகீறாங்க. பொணம் அந்தப் பக்கம் போவக் கூடாது, பொணம் ஊருக்குள்ள கெடக்கறவரிக்கும் கோயிலும் தொறக்கக் கூடாது. நாலு மணிக்குள்ள எடுக்கணும். நீதான் அவனுக்குப் புள்ள, நீ சொல்லு."

இன்னொரு வழி இருக்கத்தான் இருந்தது. ஏரிக்கரையை ஒட்டிய பழைய வழி. அதைத்தான் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. மூட விட்டவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அந்த ஏரியின் உள்வாய், கரைக்கு உட்பக்கத் தரை, முன்பு மொட்டையாகக் கிடந்தது. கூழாங்கல்லுக்கு நடுவே ஆட்காட்டி முட்டையிடும். வானம்பாடியும் கௌதாரியும் புல்லில் குடித்தனம் நடத்தின. தரையில் கூடு வைக்கிற பறவைக்கு எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். முள்காடு அடர்ந்தபின் கீரி வருவதும் தெரியவில்லை, பூனை வருவதும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பலராமன்தான் பொறுக்க மாட்டாமல் மரத்தை எடுக்கச் சொல்லி மனு எழுதினார். நாலு வருஷம் விடாமல் எழுதினார். போன வருஷம் ஒருவழியாக மெஷின் வந்தது. முதல் மரம் சாய்ந்ததும் பதினோரு குஞ்சுகள் தரையில் விழுந்து துடித்தன. கீழே இருந்தவை போனதையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், மேலே வக்காவும் கொக்கும் குடிவந்ததைப் பார்க்கத் தவறிவிட்டார்.

அவ்வளவுதான், மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "மனு போட்டவனும் அவனே, மறிச்சவனும் அவனே" என்று ஊர் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் கோபால். "குஞ்சு பறக்கட்டும்டா, ஆடியில வெட்டிக்கலாம்" என்றார் பலராமன். ஆடியில் மெஷின் வரவில்லை. ஒரே மழைக்காலத்தில் மரம் வழியை அடைத்துக்கொண்டது.

"வெட்டச் சொல்லுடி" என்றாள் கங்கா, இல்லாத குரலில். "உசுரோட இருந்தப்போ குருவி குருவின்னு வூட்ட மறந்தாரு. செத்தும் வழியில்லாம கெடக்கணுமா?"

மதிவதனிக்குக் கோபம் வந்தது. இப்படி ஓர் இக்கட்டை அவள் தலையில் கட்டிவிட்டு, இவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாரே. காலையிலிருந்து அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். வெட்டுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு மணி நேர வேலை. யாரும் குறை சொல்லப் போவதில்லை.

"தண்ணில போலாம்" என்று வந்தது வாயில்.

"இன்னாது?"

"மரத்துக்கு அந்தாண்ட, தண்ணிக்கு அடியில பழைய வண்டித்தடம் கீது சித்தப்பா. மொரம்புக் கல்லு போட்ட தடம். முழங்காலுக்கு மேல தண்ணி வராது. ரெண்டு பக்கமும்தான் சேறு. அப்பா அதுல நடந்துதான் கூடு பாக்கப் போவாரு. போன ஞாயித்துக்கெழம நானும் கூடப் போனேன்."

"தடத்த யாரு காட்டுறது?"

"நான்தான்."

"பொம்பள தெரு முனையோட நின்னுக்கணும். சுடுகாட்டு வழியில வரக் கூடாது."

"அப்ப நீங்க காட்டுங்க."

கோபாலுக்குத் தடம் தெரியாது. கங்கா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள்போல் இருந்தது. எழுந்து, மகளின் புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டு, மறுபடி பெட்டியருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றரைக்குப் பாடை கிளம்பியது. கரைவரைக்கும் மேளம் அடித்துத் தீர்த்தார்கள். தண்ணீரில் இறங்கும் இடத்தில் ஒருவர் சரவெடியைப் பிரித்துப் போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார்.

"வெடி வேணாம்!" மதிவதனி போட்ட சத்தத்தில் அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "மேளமும் வேணாம். குஞ்ச விட்டுட்டு அதுங்க எழுந்துட்டா காக்கா வந்து கொத்திட்டுப் போய்டும்."

"ஊமையா தூக்கினு போவ அனாதப் பொணமா அவன்?" கோபாலின் கண் சிவந்துவிட்டது. "எங்கண்ணன்டி அவன்! ஒரு சத்தம் இல்லாம எப்டி அனுப்புவேன்?"

மதிவதனிக்குமே அது கேவலமாகத்தான் பட்டது. ஊரில் யார் யாரோ எவ்வளவு ஆர்ப்பாட்டமாகப் போயிருக்கிறார்கள். அவள் தண்ணீரில் காலை வைத்தாள். பின்னால் மேளக்காரரிடம் கோபால் ஏதோ முனகுவதும், மேளத்தை இறக்கி வைப்பதும் கேட்டன. பாடையின் முன்கொம்பைக் கோபாலே தோளில் வாங்கிக்கொண்டார். பின்கொம்பு ஒன்றை நெல்லையப்பன் யாரையும் கேட்காமல் பிடித்தான்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. மதிவதனி பெருவிரலால் தடவித் தடவி மொரம்பைக் கண்டுபிடித்தாள். கொஞ்சம் விலகினால் கால் புதைந்தது, திரும்பி வந்தால் கெட்டி. தண்ணீர் சலசலப்பதைத் தவிர வேறு சத்தமில்லை. அப்பா எப்படி நடப்பார் என்று நினைக்கப் பார்த்தாள். நினைவில் எதுவும் வரவில்லை, தடம் மட்டும் காலுக்குத் தெரிந்தது.

ஓரிடத்தில் ஒரு கிளை தாழ்ந்து தடத்தின்மேல் கிடந்தது. அவள் ஒதுங்கி நின்று அதைக் கையால் உயர்த்திப் பிடித்தாள். உள்ளங்கையில் முள் ஏறியது தெரிந்தது, வலி தெரியவில்லை. மேலே ஒரு வக்கா சிவந்த கண்ணால் கீழே பார்த்தது. இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டதே ஒழிய, பறக்கவில்லை. பாடை அதற்கு நேர் கீழே வந்தது.

மேலிருந்து சொத்தென்று ஒரு வெள்ளை எச்சம், கோடித்துணியின்மேல், பலராமனின் நெஞ்சுக்கு நேராக விழுந்தது.

எச்சத்தைத் துடைக்கக் கோபால் சும்மா இருந்த கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றது. திரும்பி அண்ணன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கையை இறக்கிக் கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மதிவதனி கிளையை மெல்ல விட்டுவிட்டு மறுபடி முன்னால் போனாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்றார் கோபால்.

"கிட்ட வந்துட்டோம் சித்தப்பா. மெதுவாவே வாங்க" என்றாள் அவள், காலால் தரையைத் தேடிக்கொண்டே.