காரணம் எழுதும் கட்டம்

ஆகஸ்ட் 14, வியாழன். நாய்ப் பயிற்சி மைதானத்தில் மூன்றாவது தடையின் பைப்பை இன்று கம்பத்தில் ஒரு துளை உயரமாக மாட்டிவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை, நானே பிறகு பார்த்து இறக்கினேன், அதற்குள் என் நாய் மிளகு அதையும் தாண்டியிருந்தான், கறுப்பும் வெள்ளையுமாகக் காற்றில் ஒரு கணம் நீளமாகிறான், முன்கால்கள் மடிகின்றன, காதுகள் பின்னால் போகின்றன, பைப் அசையவேயில்லை, ஆனால் அப்போது அவனை ஓட்டிக்கொண்டிருந்தவர் குழந்தைவேல் அண்ணன், என்னோடு ஓடும்போதுதான் பைப் விழுகிறது, ஆறு வாரமாக நோட்டில் கட்டம் போட்டு எழுதுகிறேன், தேதி, தடை, விழுந்ததா, காரணம், காரணத்தில் எல்லா நாளும் கவனமில்லை என்றே இருக்கிறது.

மிளகு பார்டர் கோலி என்கிற சாதி நாய், ஆடு மேய்க்கப் பிறந்த இனம், எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் ஆடு இல்லாததால் செருப்பு மேய்க்கிறான், எதிர்வீட்டுச் செருப்பையும் ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து கூடத்து மூலையில் சேர்த்துவிட்டு, ஒன்றும் ஓடிவிடாதபடி முன்னால் படுத்துக் கண் இமைக்காமல் காவல் இருக்கிறான், பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும், இவனை இங்கே வைத்திருப்பது சரியா என்று தோன்றும். குழந்தைவேல் அண்ணன் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், அவருடைய நாய்க்கு இடுப்பு போய்விட்டது, அது வீட்டில் படுத்திருக்க இவர் மட்டும் மாலை வகுப்புக்கு வந்து எங்களுக்குப் பைப் மாட்டித் தருகிறார், போன வாரம் சொன்னார், ஏனுங்க, அன்னூர்ல எங்க தோட்டத்துல இருவது செம்மறி கெடக்குது, இவன அங்க வுட்டுப்போடுங்க, ராசாவாட்ட இருப்பான், ஞாயித்துக்கெழமையானா வந்து பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன், அப்போதே கொடுத்துவிடுவதென்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன், அன்றிலிருந்து தூங்கினால் கனவில் மைதானம்தான், வாய் திறக்கிறேன், குரல் வரவில்லை, மிளகு ஒவ்வொரு தடையாகத் தாண்டிக்கொண்டே போகிறான், ஒன்றும் விழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, விழித்தால் அவன் தாடை என் கணுக்கால்மேல் கனமாகக் கிடக்கிறது.

இன்று, பயிற்சி தரும் ஜெசிந்தா அக்கா, நாய்களைக் கட்டிப்போடுங்க என்றார், இருவர் இருவராகச் சேர வேண்டும், ஒருவர் நாய், ஒருவர் ஓட்டுகிறவர், பைப்பெல்லாம் கணுக்கால் உயரத்துக்கு இறங்கியது, எனக்கு நாயாக வந்தவர் குழந்தைவேல் அண்ணன், பிஸ்கட்டு குடுத்தாத்தானுங்க ஓடுவேன் என்றார், எல்லாரும் சிரிக்கிறார்கள், வேலியோரத்திலிருந்து மிளகு குரைக்கிறான். நான் கையை நீட்டி ஓடினேன், வழக்கம்போல ஒவ்வொரு தடையிலும் மிளகு, மிளகு என்று கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் அவர் என் பக்கம் திரும்பினார், கால் தட்டியது, மூன்று பைப் விழுந்தது. முன்னாடி பாத்து ஓடுங்கண்ணா என்றேன். அவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார், பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பித்தானுங்க பாப்பேன், தாண்டற நேரத்துல கூப்புட்டா நானென்ன பண்ணட்டும். நீ மிளகுக்கு என்ன சொல்லி ஓட்டுற குழந்தைவேல், என்று அவரைக் கேட்டார் ஜெசிந்தா அக்கா. ஒண்ணுஞ் சொல்றதில்லீங்கக்கா, கையத்தான் காட்டுவேன், நாங் கூப்புட்டா அவன் எங்க திரும்பறான், எத்தன கத்துனாலும் காதுலயே போட்டுக்க மாட்டான்.

அதற்குள் தூறல் விழுந்தது, மிளகை அவிழ்த்தேன், வழியெல்லாம் கூப்பிடாமலேயே அவன் நாலடிக்கு ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தபடியே வந்தான். இப்போது ஆறு வாரப் பக்கங்களையும் எடுத்து வைத்து, கவனமில்லை என்பதை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு எழுதுகிறேன், கூப்பிட்டேன், திரும்பினான், கூப்பிட்டேன், திரும்பினான், கட்டம் சிறியது, எழுத்து வெளியே போகிறது, இதுவும் தப்பாக இருக்கலாம், ஒரே ஒரு நாள் பார்த்ததை வைத்து எழுதுகிறேன், அன்னூரில் இருபது செம்மறி இருப்பதும் உண்மை, அங்கே அவன் ஓட இடம் இருப்பதும் உண்மை, ஆனால் குதிக்கும் நடுவிலும், கால் தரையில் இல்லாதபோதும், ஒருவன் என் குரலுக்குத் திரும்பியிருக்கிறான், அதை நான் நாற்பத்தொரு தடவை குற்றமாக எழுதியிருக்கிறேன்.

நாளை, வெள்ளி, மாலை ஆறு மணி. ஐந்து தடை, மிளகும் நானும். கை மட்டும், பேர் சொல்லக் கூடாது. ஓடுவதற்கு முன்பே குழந்தைவேல் அண்ணனிடம், மிளகைத் தர முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.