குப்புறப் படுத்த மலை

சுண்ணாம்புக்கல் குவாரியை மூடிவிட்டார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மகள் கார் ஓட்டினாள். பின்சீட்டில் கணவர். கல்லூரியில் அவர் பெயர் குண்டன். இப்போது இடுப்பில் பேன்ட் நிற்பதில்லை; பெயர் மட்டும் இளைக்கவில்லை.

நிலவியல் வகுப்பில் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தக் குவாரிச் சுவரில்தான் பேராசிரியர் பாறை அடுக்குகளைக் காட்டினார். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. கல்லாகிப்போன சுருள்சிப்பிகளை அடுக்குவாரியாகப் பெயர்த்துத் தனித்தனிப் பையில் கட்டி வரச் சொன்னார்.

மாலையில் பைகளைப் பிரித்தபோது இடித்தது. காலத்துக்குக் காலம் சுருள்சிப்பியின் வகை மாறும். அவள் கீழே எடுத்தவை பிற்கால வகை. மேலே எடுத்தவை அவற்றுக்கு மூத்தவை.

“பையை மாத்திக் கட்டியிருப்பம்மா,” என்றார் பேராசிரியர். வகுப்பு சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“இல்ல சார், கட்டினது நான். மாறல,” என்று குண்டன் எழுந்தான். அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “நீ எங்க கட்டின?”

“கட்டல. ஆனா நீ மாத்திக் கட்டுற ஆளில்லன்னு தெரியும்.”

மறுநாள் பேராசிரியர் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு குவாரிக்குப் போனார். கீழ் அடுக்கின் குடைவுக்குள் அவள் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே சிப்பிகள், மேல்பாறையில் ஒட்டியபடி தொங்கின.

“தரையில ஒட்டித்தானே சார் இது வளரும்? இங்க கூரையில இருக்கு.”

பேராசிரியரும் சட்டை அழுக்காக அருகில் படுத்தார். சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“மலையே குப்புறப் படுத்திருக்கும்மா,” என்றார் கடைசியில். “எப்பவோ மடிஞ்சு கவுந்திருக்கு. இத்தனை வருஷமா நான் தலைகீழாப் பாடம் நடத்தியிருக்கேன்.”

இப்போது குடைவு தண்ணீருக்கடியில் இருந்தது. வெளியே மிஞ்சியது உச்சி அடுக்கு மட்டும், எல்லாவற்றிலும் மூத்தது.

“எங்கம்மா படுத்திருந்த?” என்றாள் மகள்.

கணவர் ஒரு பக்கம் காட்டினார், அவள் வேறு பக்கம் காட்டினாள். கொஞ்சநேரம் அதற்கே சண்டை.

“தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்திருக்கலாம்,” என்றாள் அவள்.

“வீடு, வேலைன்னு ஓடிட்டோம்,” என்றார் அவர்.

வெயில் தாழும்வரை மூவரும் கரையிலேயே இருந்தார்கள்.