ஜோனின் பிள்ளைக்கு மணி அடிக்கவில்லை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்த அசரியா சார் கொடுத்தது. கல்லூரியில் இங்கிலாந்து வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு கதை எழுதுகிறவன். 1990-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஸ்ரீரங்கன், தமிழ்ல யாரும் எழுதாத கதை ஒண்ணு தரேன்" என்றார்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து. அரியணை கை மாறும்போதெல்லாம் ஜனங்களின் மதமும் மாறிய காலம். அதற்கு முன், கல்லறைத் திருநாள் இரவில் ஊர்க் கோயில் மணியை விடிய விடிய அடிப்பார்கள். செத்தவர்களின் ஆத்துமா மோட்சம் போகுமுன் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறது, உயிரோடிருப்பவர்களின் ஜெபமும் மணியோசையும் அதற்கு ஆறுதல் என்று நம்பிக்கை. புராட்டஸ்டண்ட் என்ற புது மார்க்கம் வந்ததும், அப்படி ஓர் இடமே கிடையாது, மணி அடிக்காதே என்று உத்தரவு போட்டார்கள். சாரின் கதையில் வில்லியம் என்பவன் கோயில் பொறுப்பாளன். மணிக்கூண்டுச் சாவி அவனிடம் இருக்கிறது. அவன் மனைவி ஜோன். அவர்களுடைய ஒரே பிள்ளை அப்போதுதான் காய்ச்சலில் போயிருந்தான்.

"வில்லியம் மணிக்கூண்டைப் பூட்டிடறான். அறிவு ஜெயிக்குது. அவ்வளவுதான் கதை" என்றார்.

2

'தேம்ஸ் நதிக்கரையில் பனிமூட்டம்—'

(அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பனி, மார்கழி விடியலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி விளக்குகளை மங்கச் செய்யும் பனிதான்.)

'ஜோன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனம்—'

(இதுவும் போயிற்று. எதில் சுடுவாள் என்றே எனக்குத் தெரியாது. அவள் மனம் அதைவிடத் தெரியாது.)

'பிள்ளையைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.'

இதை வைத்துக்கொண்டேன். சாரிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். காபி கொண்டுவந்த அவர் மனைவி புஷ்பம் அக்கா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன தம்பி?"

நான் பெயர் வைத்திருக்கவில்லை.

"பேர் வெக்காமலே சாக வெச்சிட்டீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அவர்களுக்கும் ஒரே பிள்ளை, லாசரஸ். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது பல்லாவரத்தில் தண்டவாளத்தைக் கடக்கையில் ரயிலில் அடிபட்டு இறந்தான். சாரின் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்து, பக்கத்தில் பெற்றோருக்கும் இடம் விட்டிருந்தார்கள். அக்கா பல்லாவரத்தில் கத்தோலிக்கராகப் பிறந்தவர். கல்யாணத்துக்காகப் புராட்டஸ்டண்ட் சபைக்கு வந்தவர். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி மகன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்.)

3

அடுத்த வருடம் அந்தச் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். இளைஞர், நன்றாகப் பேசுவார். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது பழைய இருட்டின் மிச்சம் என்று பிரசங்கம் செய்தார். கமிட்டிச் செயலாளரான அசரியா சாரே தீர்மானம் கொண்டுவந்தார். கல்லறைகளில் விளக்கு கூடாது. வேறு கோயிலுக்குப் போய் மரித்தவர்களுக்காகப் பூசை வைப்பவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் இடம் கிடையாது. எதிர்த்துப் பேசிய இரண்டொருவருக்கு இங்கிலாந்து வரலாற்றைச் சொல்லி வாயடைத்ததாக அன்று மாலை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அக்கா ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று சார் எடுத்துக்கொண்டார்.

(கதையில் ஜோனும் அப்போது பேசவில்லை. வில்லியமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். யாரைப் பார்த்து யாரை எழுதினேன் என்று கேட்காதீர்கள்.)

அந்த நவம்பரில் அக்கா மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ரயிலேறிப் பல்லாவரம் போய், தான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் மகனுக்குப் பூசை வைத்தார். பாதிரியார் மைக்கில் வாசித்த பெயர்களில் லாசரஸ் பெயரும் இருந்தது. தெருவில் போன சபைக்காரர் ஒருவர் காதில் அது விழுந்தது.

சபை முன்னால் நின்று அக்கா மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார் போதகர். சார் வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். சார் விடவில்லை.

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம்."

"எது தப்பு? அவனுக்காக ஜெபம் பண்ணதா?"

"அவனுக்கு நம்ம ஜெபம் தேவையில்ல புஷ்பம். அவன் ஆண்டவர்கிட்ட இருக்கான்."

"இருக்கட்டுங்க. எனக்குத் தேவைப்படுது."

அக்கா போகவில்லை. ஞாயிறன்று சார் தானே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். விசுவாசத்தில் தனக்கும் தன் மனைவிக்கும் இனிச் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகும் அக்கா இரண்டு பேருக்கும்தான் சமைத்தார். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டார். ஞாயிறுகளில் ஒருவர் இந்தப் பக்கம் போவார், ஒருவர் அந்தப் பக்கம் போவார்.

4

1995-இல் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்த அக்கா மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சார் என்னையும் கூட்டிக்கொண்டு கமிட்டியிடம் போனார். லாசரஸ் பக்கத்தில் இடம் கேட்டார். புதுச் செயலாளர் ஜீவரத்தினம் ஒரு காலத்தில் சாரிடம் படித்தவர். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசினார்.

"நீங்க கொண்டுவந்த தீர்மானம்தானே சார்."

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் சார் சண்டை போட்டிருப்பார். தீர்மானத்தை மாற்றுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். உங்களுக்காக மாற்றினால் எல்லோரும் வந்து நிற்பார்களே என்றார் ஜீவரத்தினம்.

பல்லாவரம் பாதிரியார் ஒரு கேள்வியும் கேட்காமல் அங்கேயே இடம் கொடுத்தார். உள்ளே பூசை நடந்தது. சார் கோயில் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். பெட்டி வெளியே வந்த பிறகு அதன் பின்னால் நடந்தார்.

5

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். வில்லியமை மணி அடிக்க வையுங்கள் என்றார். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. வில்லியம் பூட்டைத் திறந்து விடிய விடிய மணி அடிக்கிறான். ஜோன் ஓடிவந்து—

(முடியவில்லை. இந்த வில்லியமை எனக்குத் தெரியும். அவன் திறக்க மாட்டான்.)

ஆ. ராஜா செத்து, அவர் அக்கா ராணியாகிறாள். பழைய மதம் திரும்புகிறது. மணி அடி என்று உத்தரவு வருகிறது. அதே வில்லியம் அடிக்கிறான். ஜோன் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.

இ. அந்த ராணியும் சாகிறாள். தங்கை வருகிறாள். மறுபடி பூட்டு.

மூன்றையும் சார் படித்தார். முதலாவதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டாவதுதான் சரி. அவன் எப்பவும் உத்தரவுக்குத்தான் அடிச்சான். பிள்ளைக்காக அடிக்கவே இல்ல" என்றார்.

6

இது 1997. ஜோனின் கதையை நான் முடிக்கவில்லை. சாருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. சபைக் கல்லறைத் தோட்டத்தில் லாசரஸ் பக்கத்து இடம் அவருக்கு இருக்கிறது. அக்கா பக்கத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே அடக்கம் செய்ய வேண்டுமானால் அவர் கத்தோலிக்க சபையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று பல்லாவரம் பாதிரியார் தன்மையாகச் சொல்லிவிட்டார்.

"இங்க படுத்தா பையன். அங்க படுத்தா அவ. நீங்க கதை எழுதறவர். சொல்லுங்க ஸ்ரீரங்கன், நான் எங்க படுக்கறது?"

போன மாதம் கேட்டார். நேற்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். அவருக்குக் கண் மங்கிவிட்டது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள்.