உக்கள்வாடிக்குப் போகும் பேருந்து

வாருங்கள், தாணே ரயில் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடியில் இருக்கும் இந்த மேசையருகே வந்து நில்லுங்கள். ஓர் ஊரின் துயரம் இங்கே எப்படி ஒற்றை வரியில் உல்லாசமாக உருமாறுகிறது என்பதற்கு நீங்களே சாட்சியாகுங்கள்.

'மழைக்காலப் பத்து' என்னும் பட்டியல் பிறப்பது இங்கேதான். அதுவும் மழையில் அன்று. மே மாதப் புழுக்கத்தில், மின்விசிறியின் அடியில், படங்களைப் பார்த்துப் பார்த்தே பத்து ஊர்கள் பொறுக்கப்படுகின்றன. பொறுக்குபவள் மிருணாள் கோப்கர். சுற்றுலா நிறுவனத்தில் எட்டாண்டு அனுபவம். உக்கள்வாடி சென்ற ஆண்டு மூன்றாம் இடத்தில் இருந்தது. "பாலாய்ப் பொழியும் அருவி, கட்டாரிக்கு உகந்த இடம்" என்று எழுதியவள் அவளே. கட்டாரி என்பது, ஷ்ராவண் விரத மாதம் பிறக்குமுன் வரும் ஞாயிறன்று கறியும் குடியுமாய்க் கழிக்கும் கொண்டாட்டம். இந்த ஆண்டும் அதே வரி அச்சேறிவிட்டது.

ஜூன் இறுதியில், விளம்பரத்துக்குப் புதுப் படம் தேடியபோது ஒரு பழைய செய்தி அவள் கண்ணில் பட்டது. 'வெள்ளத்தில் சிக்கிய நகர இளைஞர் உயிர் தப்பினார்' என்பது தலைப்பு. அந்த இளைஞர் அவள் நிறுவனத்தின் பேருந்தில் போனவர். கடைசி வரியில், 'காப்பாற்றச் சென்ற ஊர்க்காரர் ஒருவர் பலி' என்றிருந்தது. உயிர் பிழைத்தவருக்குப் பெயரும் படமும் இருந்தன. உயிரைக் கொடுத்தவருக்குப் பெயர்கூட இல்லை.

அன்று முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊற்றிய தேநீர் ஆறிப்போகும். மின்ரயிலில் இடமிருந்தும் உட்காராமல், கதவோரம் நின்று மலைத்திசையில் கருக்கும் வானத்தையே பார்ப்பாள். ஜூலையில் ஒரு நாள், அலுவலகத்துக்கு என்று கிளம்பியவள், எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய், மலைப்பக்கம் போகும் கர்ஜத் வண்டியில் ஏறிவிட்டாள்.

உக்கள்வாடியில் நடவு நடந்துகொண்டிருந்தது. முழங்கால் சேற்றில், முதுகில் நெகிழித்தாள் போர்த்திய பெண்கள் குனிந்திருந்தார்கள். இறந்தவர் வீட்டை அவள் விசாரித்தபோது, வரிசையிலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள்.

"வீட்டுல யாருமில்ல. அவரு பொண்டாட்டி நான்தான். சக்குபாய். நீ யாரு தாயி?"

"நான்... பட்டியல் எழுதறவ. உங்க ஊர எழுதினது நான்தான்."

பக்கத்துப் பெண்கள் நடவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சக்குபாய் நிறுத்தவில்லை.

"அப்படியா! போட்டோ பாத்துப் பொண்ணு எடுக்கிற மாதிரி ஊர எடுத்திருக்க. பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

பெண்கள் சிரித்தார்கள். மிருணாளுக்கு முகம் எரிந்தது. "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க அக்கா" என்றாள்.

சக்குபாய் சேற்றுக் கையால் மேட்டைக் காட்டினாள். "அங்க மேலயும் எங்க ஜனங்கதான் நடுறாங்க. பேய்மழ கொட்டினா நாத்து முழுகிப்போகும்ல? அதனால எல்லா வரப்பையும் ஒண்ணா வெட்டி விடுவாங்க. வெட்டறதுக்கு முன்னாடி ஒருத்தி 'ஹோ...ய்'னு கூவுவா. அத கேட்டு நாங்க கூவுவோம். ஓடையில துணி துவைக்கிறவ, மாடு கழுவறவன், எல்லாரும் கரையேறிடுவாங்க. அப்புறம்தான் செவப்புத் தண்ணி எறங்கும். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து ஒரு கோழிக்குஞ்சுகூடப் போனதில்ல."

"போன வருஷம்?"

"போன வருஷம் கட்டாரி ஞாயிறு. அருவியடியில உங்காளுங்க ஆளொசரப் பாட்டுப்பெட்டி வெச்சிருந்தாங்க. மேல தொண்ட கிழியக் கூவினாங்க. யாருக்குக் கேக்கும்? ஒரு பையன் பாறையில மாட்டிக்கிட்டான். எம்புருஷன் எறங்கி அவனத் தள்ளி ஏத்திட்டாரு. அவர ஏத்த ஆளில்ல."

மழை வலுத்தது. மிருணாள், "ஊர் பேர அடிச்சிடறேன் அக்கா. இனிமே யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

சக்குபாய் வெடுக்கென்று திரும்பினாள். "அடிக்காத! வந்தா நாங்களும் நாலு பாக்கரி ரொட்டி சுட்டு விப்போம்ல? கணபதி கரைச்சதுக்கு அப்புறம் கூட்டிட்டு வா. நடவு முடிஞ்சிருக்கும், தண்ணி தெளிஞ்சிருக்கும். எப்ப வரலாம்னு எங்கள ஒரு வார்த்த கேளு, அது போதும். கட்டாரிக்கு மட்டும் வேணாம்."

திரும்பி வந்ததும், கட்டாரிப் பயணத்தை நிறுத்தும்படி மிருணாள் முதலாளி திகம்பரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"என்னம்மா பேசற? ஷ்ராவண் பொறந்துட்டா கறியும் கெடையாது, குடியும் கெடையாது. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமதான் நம்ம தீபாவளி! நாப்பத்திரண்டு சீட்டும் ரொம்பிடுச்சு."

"ஒரு மனுஷன் செத்திருக்காரு சார்."

"நம்ம ஆளு பொழச்சுட்டான்ல?"

'நம்ம ஆளு'! கேட்டீர்களா அந்தச் சொல்லை? மனிதரை இரண்டாக வகுந்து, கரையில் ஒரு பாதியையும் வெள்ளத்தில் மறுபாதியையும் நிறுத்தும் கத்தி அது. மிருணாள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

கட்டாரி ஞாயிறும் விடிந்தது. மலைகள் தெரியாதபடி மேகம் கவிந்திருந்தது. அலுவலக வாசலில் நின்ற பேருந்துக்குள் கோழி வறுவல் மணத்தது. பின்னிருக்கைகளில் புட்டிகள் கிணுகிணுத்தன. மிருணாள் ஏறி, ஓட்டுநரின் பக்கத்தில் நின்றாள். 

"ஒரு நிமிஷம். இந்தப் பட்டியல் நான் எழுதினது. இந்த ஊர இன்னைக்கின்னு போட்டது தப்பு" என்று தொடங்கி, வரப்பையும் கூவலையும் வெள்ளத்தையும், கணபதிக்குப் பிறகு ஊரார் வரச் சொன்னதையும் சொல்லி முடித்தாள்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "மேடம், ஷ்ராவண இன்னைக்கே ஆரம்பிச்சிட்டீங்களே! பிரசங்கம் போதும், வண்டிய எடுங்க!"

"அப்ப எதுக்கு எழுதினீங்க?" என்றார் முன்னிருக்கைக்காரர்.

"தெரியாம எழுதினேன். யாரையும் கேக்காம எழுதினேன். இப்பத் தெரியும்."

மூன்றாம் வரிசையில், பேரனோடு அமர்ந்திருந்த ஒரு பெண்மணி மெல்லக் கேட்டாள்: "அந்த ஆளு பேரென்னம்மா?"

"காளுராம். காளுராம் பார்தி."

அந்தப் பெண்மணி பையை எடுத்துக்கொண்டாள். "இறங்குடா கண்ணா. கணபதிக்கு அப்புறம் போலாம்."

அவளைத் தொடர்ந்து ஒரு தம்பதி இறங்கியது. பிறகு கல்லூரிப் பெண்கள் நால்வர், இன்னும் மூவர். மொத்தம் பதினொருவர். மற்ற முப்பத்தொருவர் அசையவில்லை. கீழே நின்ற திகம்பர், "நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்படி ஓட்டுநருக்குச் சைகை காட்டினார். மிருணாள் இறங்கினாள். பேருந்து பாட்டோடு நகர்ந்தது. அடுத்த கர்ஜத் வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. மேலே கூவல் எழுந்தால் கரையேறச் சொல்ல அருவியடியில் ஆள் வேண்டும் என்று, அவள் நிலையத்தை நோக்கி ஓடத் தொடங்கினாள்.

அந்த முப்பத்தொருவருக்காக அவள் ஓடுகிறாள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? மழைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் கூடிப் பேசுகிறவர்களே, உங்கள் பட்டியலிலும் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் வயல் இருக்கிறது, வேலை இருக்கிறது, வாயுள்ள மனிதர் இருக்கிறார்கள். சீட்டு எடுக்குமுன் அவர்களைக் கேளுங்கள். வா என்றால் விருந்தினராய்ப் போங்கள். வேண்டாம் என்றால், ஏறிய பேருந்தானாலும் இறங்குங்கள். பக்கத்து இருக்கைக்காரரையும் கையைப் பிடித்து இறக்குங்கள்!