சாக்குக்கு இரண்டு கிலோ

எங்கள் வீட்டில் இரண்டு கிலோ என்பது சின்ன விஷயம் கிடையாது. என் அம்மா மரியாயி இருபத்திரண்டு வருடமாகச் சண்டை போட்டதெல்லாம் அதற்காகத்தான். ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லி ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோவைக் கழித்துவிடுவார்கள். வெறும் சாக்கு அரைக் கிலோகூட வராது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஏது ஈரம் என்று அம்மா கேட்பார்.

போன வருடம் டிஜிட்டல் தராசு வந்தது. இனிக் கழிவே இல்லை, மெஷின் காட்டுவதுதான் எடை என்று கணக்கப்பிள்ளை ஸ்ரான்லி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மா நம்பவில்லை. தூக்கிச் சுமக்கிற எனக்குத் தெரியாதா என்றார். நம்பியது நான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறவள் அல்லவா, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

“மெஷினுக்கு யாரு மேலயும் கோவம் கெடையாதும்மா. ஒங்களுக்குத்தான் வயசாயிருச்சு” என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வாய்க்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகம் சின்னது. பதினைந்து விளையாட்டு, ஒரே ஒரு பஸ். பெண்கள் பளுதூக்கல் அணியில் நாங்கள் நான்கு பேர். முன்பு விவசாயப் பீடத்தின் விதை நெல் அடுக்கியிருந்த அறைதான் எங்கள் பயிற்சிக்கூடம். நான் தலைவி, சுகந்தி. பயிற்சி தருபவர் பலாங்கொடை சுமித்ரா மிஸ். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், அதனால் திட்டு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரு பதக்கமாவது வராவிட்டால் அந்த அறை கெரம் விளையாடுகிறவர்களுக்குப் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெரம் போர்டை ஒரு மரத்தடியில் வைத்தும் ஆடலாம். எழுபது கிலோவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? “கவலைப்படாதீங்க மிஸ், பதக்கம் என் கையில” என்றேன். சும்மா சொல்லவில்லை. நாற்பத்தெட்டு கிலோ வகுப்பில் என்னை வெல்லக்கூடிய இரண்டு பேரும் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள்.

போட்டிக்கு முந்திய வாரம் விடுமுறை. வீட்டில் இருந்தேன். என் உடம்பின் எடை நாற்பத்தெட்டைத் தாண்டக்கூடாது. வீட்டில் தராசு ஏது? சனிக்கிழமை அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன சாக்கில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஏறி நின்றேன். 47.6. ஆகா, இடம் இருக்கிறது! அன்றிரவு ரொட்டியும் கட்டச் சம்பலும், மறுநாள் பலாக்காய்க் கறியும் நெத்தலிக் கருவாடும். திங்கட்கிழமை மறுபடியும் ஏறினேன். அப்போதும் 47.6. என் உடம்பைப் போல உண்டா என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பல்கலைக்கழக பஸ் ஓப்பநாயக்க சந்தியில் என்னை ஏற்றிக்கொண்டு நேராகக் கொழும்புக்குப் போனது.

போட்டி மண்டபத்துத் தராசு 49.6 என்றது.

இறங்கி மறுபடி ஏறினேன். 49.6. சுமித்ரா மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது. எடை பார்க்க ஒரு மணி நேரம்தான். அதற்குள் குறைத்தால் நாற்பத்தெட்டில் தூக்கலாம். குறையாவிட்டால், அணியில் வேறு ஆள் இல்லாத மேல் வகுப்புக்கு மாறலாம். மேல் வகுப்பு ஐம்பத்து மூன்று. அதில் நாட்டுக்காகத் தூக்குகிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினேன். அரை மணி நேரத்தில் நானூறு கிராம் போனது. கூடவே கால்களில் இருந்த தெம்பும் போனது. படியில் உட்கார்ந்து அழுதேன். யாரிடம் அழுவது, அம்மாவுக்குத்தான் போன் எடுத்தேன்.

“எந்தத் தராசுல நின்ன?” என்றார் அம்மா.

“மடுவத்துல இருக்கிறதுலதான்.”

அம்மா சிரித்தார். மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்களுக்கும் கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தார்.

“சாக்குக்குப் புடிச்சானுங்க, தண்ணிக்குப் புடிச்சானுங்க, இப்ப எம்மகளுக்கும் ரெண்டு கிலோ புடிச்சிட்டானுங்களா!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழிவு எங்கேயும் போகவில்லை. மெஷினுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா ஒரு வருடமாக அதைத்தான் சொன்னார். நான் அவருக்கு வயதாகிவிட்டது என்றேன். வெட்கமாக இருந்தது.

“அம்மா, நான் இங்க தோக்கப் போறேன், நீங்க சிரிக்கிறீங்க.”

“ஏன்டி தோக்கப் போற? நீ நெனச்சதவிட ரெண்டு கிலோ பெரிய ஆளா இருக்க. போய்த் தூக்கு. எனக்கு வேல கெடக்கு.”

போனை வைத்துவிட்டார். நான் மழைக்கோட்டைக் கழற்றி எறிந்தேன். மேல் வகுப்புக்கு மாற எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரையும் இரண்டு வாழைப்பழத்தையும் உள்ளே தள்ளினேன். “ஹரி நங்கி”, சரி தங்கச்சி, என்றார் சுமித்ரா மிஸ்.

முதல் இரண்டு இடமும் அந்த இரண்டு பேருக்குத்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூன்றாவதுக்கு நானும் பேராதனைப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் இழுபறி. அவள் முடித்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு முயற்சி மிச்சம். அவளைத் தாண்ட எழுபத்தாறு வேண்டும். பயிற்சியில் நான் எழுபத்து நான்குக்கு மேல் தூக்கியதே இல்லை. இரண்டு கிலோ! எங்கள் குடும்பத்துக்கும் இந்த இரண்டு கிலோவுக்கும் அப்படி என்ன பகையோ.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பாரைப் பிடித்தேன். நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்று ஒரு மூச்சு. நாற்பத்தெட்டில் இருக்க வேண்டும் என்று மாதக்கணக்காகப் பட்டினி கிடந்த கால்கள் இல்லை இவை, பலாக்காய் தின்ற கால்கள். தள்ளினேன். கை நிமிர்ந்தது. நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. சுமித்ரா மிஸ் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார், அவருக்கு 49.6 ஒரு பொருட்டே இல்லை.

வெண்கலம்தான். ஆனால் அறை எங்களுடையது.

இரண்டு வாரம் கழித்து அந்த அறையிலிருந்து பாரில் மாட்டும் இரும்பு பிளேட் ஒன்றை மிஸ்ஸின் அனுமதிக் கடிதத்தோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு பக்கம் முழுக்க 20 என்று பெரிதாக வார்த்திருக்கும் பிளேட். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பகல் நிறுவைக்கு மடுவத்தில் முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேரின் கொழுந்து நிறுத்து முடிந்து, சாக்குகள் டிராக்டரில் ஏறியிருந்தன.

நான் வரிசைக்கு முன்னால் போய்ப் பிளேட்டைத் தராசில் வைத்தேன். சிவப்பு எழுத்தில் 18.0 என்று விழுந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் இலக்கம் படிப்பார்கள்.

“அது வந்து, சாக்குக்குத்தானே தங்கச்சி” என்றார் ஸ்ரான்லி.

“இதுல சாக்கு எங்கண்ணே இருக்கு?”

அவர் தராசைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிளேட்டை நானே இறக்கினேன். அவர் குனிந்து எதையோ அமுக்கினார். மறுபடி வைத்தேன். 20.0.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நேராக டிராக்டரில் ஏறி, நிறுத்து முடிந்த தன் சாக்கை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் தங்கம்மா அக்கா ஏறினார். பிறகு மற்றவர்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லாச் சாக்கும் இறங்கி வந்தன.

“ஸ்ரான்லி தம்பி,” என்று அங்கிருந்தே அம்மா சத்தம் போட்டார், “முதல்ல இருந்து நிறுங்க.”