இந்த மாத முத்து

ஒரு சமூகத்தின் நாகரிகம் அதன் குழந்தைகளின் பற்களில் ஒளிர்கிறது. சித்தூரில் அது முதலில் பத்மினியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒளிர்ந்தது.

பத்மினி அந்த வீட்டின் மூத்த மருமகள். பிறந்த வீட்டில் மாந்தோட்டம் உள்ளவள். அவள் மகள் கௌசிகாவுக்குக் கிளிப் போட்ட திருப்பதி பல் டாக்டர், கிளிப்போடு பல்லைச் சுத்தமாக வைத்திருக்கும் பிள்ளை ஒன்றை மாதாமாதம் தேர்ந்தெடுத்து, 'ஈ நெல முத்யம்' என்று சுவரில் போட்டோ மாட்டுவார். இந்த மாத முத்து கௌசிகா.

மாந்தோட்டம் இல்லாத சின்ன மருமகள் கல்பனா, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பியில் எங்காவது ஒரு பருக்கையாவது ஒட்டியிருக்காதா? இல்லை. பெருமூச்சு விட்டு, ஒரு இதயத்தை அனுப்பி வைத்தாள்.

அவள் மகள் பவ்யாவுக்கும் அதே டாக்டர், அதே கிளிப். அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் வாஷ்பேசின் முன்னால் சோதனை. செக்போஸ்டில் லாரியைப் பார்ப்பதுபோல் கல்பனா போன் டார்ச்சை அடித்து மகளின் வாய்க்குள் பார்த்தாள். கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ்ஷை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுத்தாள்.

"தோ, கருவேப்பில. இத உங்க பெரியம்மாவா வந்து எடுப்பா?"

"வாய் வலிக்குதும்மா."

"கௌசிகாவுக்கு வலிக்கலியா? கடல மிட்டாய துன்னுட்டு இளிச்சிக்கினு நிக்காத. பிரஷ்ஷ ஈறுகிட்ட சாய்ச்சிப் புடி. கம்பிக்கு மேல ஒரு வாட்டி, கீழ ஒரு வாட்டி."

"அவ வாய நீ எங்க பாத்த?"

"ஊரே பாத்துச்சி."

பொறாமையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது ஒரு வேளைகூட லீவு போடாது. பவ்யாவின் ஈறு வீக்கம் வடிந்தது. பல் உண்மையாகவே சுத்தமானது.

அடுத்த செக்கப்புக்கு முந்தின நாள் கிளினிக்கிலிருந்து ரிசப்ஷன் பெண் போன் செய்தாள். "ரேப்பு பள்ளு பாகா கடிகி தீஸ்குரண்டி."

தெலுங்கில் பல்லும் பள்ளு, பழமும் பள்ளு. நாளைக்குப் பல்லை நன்றாகக் கழுவிக் குழந்தையை அழைத்து வாருங்கள் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். பிறந்ததிலிருந்து தெலுங்கைக் கேட்டு வளர்ந்த கல்பனாவுக்கு வேறு எந்த நாளிலும் இது புரிந்திருக்கும். அன்று அவள் காதில் பத்மினியின் மாந்தோட்டமே புகுந்துவிட்டது.

"பழத்த நல்லா கழுவி எடுத்தாரணுமாம்! கூடகூடையா கொண்டுபோய்க் கொட்டித்தான் போட்டோ மாட்டிக்கினாளா உங்க பெரியம்மா? இதுல பல்லு வெளக்குனாளாம், பல்லு!"

"பல்லத்தாம்மா சொல்லியிருப்பாங்க."

"நீ சும்மா இருடி. உனக்கு ஒலகம் தெரியாது."

விடியுமுன் எழுந்து, சந்தையில் வாங்கிய மாம்பழங்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். பவ்யாவின் பல்லையும் தன் கையாலேயே தேய்த்துவிட்டாள். பஸ்ஸில் கூடைக்கு ஜன்னலோர சீட். பவ்யா திருப்பதி வரை நின்றுகொண்டே வந்தாள்.

டாக்டர் சிவசங்கரி கூடையைப் பார்த்தார். "ஏன்ட்டம்மா இதி?"

"நீங்க கேட்ட பள்ளுதான் மேடம். நல்லா கழுவிட்டேன்."

ரிசப்ஷன் பெண் மேஜைக்கு அடியில் எதையோ தேடக் குனிந்தவள், நிமிரவே இல்லை.

"நேனு அடிகிந்தி ஈ பள்ளு," என்று டாக்டர் பவ்யாவின் வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒரு மாத்திரையைக் கொடுத்து, மென்று கொப்பளிக்கச் சொன்னார். பல்லில் அழுக்கு இருந்தால் அந்த இடம் மட்டும் ரோஸ் நிறமாகிவிடும். பவ்யா கொப்பளித்துவிட்டு வாயைத் திறந்தாள். ரோஸ் எங்கேயும் இல்லை.

"சூப்பர்! இந்த மாசம் பாப்பாதான் முத்யம்."

கல்பனாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பத்மினி அக்கா பொண்ணுக்கும் இந்த மாத்திரதான் குடுத்தீங்களா மேடம்?"

"அதேதான். அவங்களும் ஆசையா ஒண்ணு வாங்கி மென்னாங்க. அம்மாவுக்கும் ஒரு பொட்டு கலர் ஒட்டல."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"அவங்களுக்குக் குடுத்தீங்க இல்ல?"

வாங்கி, நன்றாக மென்று, கொப்பளித்துவிட்டு, மகளின் தோளில் கை போட்டு நின்றாள். ஸ்டேட்டஸில் போடத் தன் போனையே ரிசப்ஷன் பெண்ணிடம் கொடுத்து, முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள். போனைத் திரும்ப வாங்கியவள், படத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் உடனே ஏற்றிவிட்டாள். பத்மினிதான் முதலில் பார்த்தாள்.

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கல்பனா அன்று பல் விளக்கவில்லை.