பேட்டரி வேண்டாம் என்றவள்

உச்சிவெயிலில் கரண்ட் போனது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மருமகள் பதறவில்லை. மொட்டை மாடியில் சோலார் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கரண்ட் போவது இதுதான் முதல் தடவை. இதற்காகத்தானே மாட்டினோம், இதோ வந்துவிடும் என்று ஊசியில் நூலைக் கோத்தாள். பக்கத்து அறையில் மாமனாரின் ஆக்ஸிஜன் மெஷின் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. மின்விசிறி சுற்றி நின்றது. எதுவும் வரவில்லை.

சோலார் பெட்டியில் சிவப்பு விளக்கு. மாட்டியவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வெயில் கொளுத்துது. வீட்டுல கரண்டே இல்லையே?"

"லைன்ல கரண்ட் போனா சோலாரும் தானா நின்னுடும்க்கா. இல்லன்னா உங்க கரண்ட் வெளிய போய், கம்பத்துல ஏறின ஆளைத் தூக்கி அடிச்சிடும். அதான் பேட்டரி வைங்கன்னு சார்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

கணவன் வந்து அதை அவளிடம் சொல்லத்தான் செய்தான். சல்லிக்காசை வீணாக விடாதவள் ஆயிற்றே, அவள்தான் பேசி அடக்கினாள். "மானியம் சோலார் பலகைக்கு மட்டும்தான். பேட்டரி மொத்தமும் நம்ம தலையில விடியும். பகல்ல வெயில் இருக்கு, ராத்திரி போனா ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கு. அப்புறம் என்ன?" வீட்டுக் கணக்கில் அவளை மிஞ்ச அவனால் என்றைக்கும் முடிந்ததில்லை.

கட்டிலுக்கடியிலிருந்து சிலிண்டரை இழுத்துத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். போன தடவை கரண்ட் போனபோதே தீர்ந்திருந்தது. சோலார்தான் வந்தாச்சே, மெதுவாக நிரப்பிக்கொள்ளலாம் என்றதும் அவளே. கணவனுக்குப் போனில் சொன்னாள். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, புதுச் சிலிண்டரோடு வருவதாகக் கத்தினான். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாயிற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மாமனாரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. ஜன்னல் வழியே தெருக்கோடியில் கம்பத்தின் உச்சியில் ஒருவன் தெரிந்தான். நிதானமாக ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன, மேலே காய்கிற கரண்டை உள்ளே விடு என்று மனம் கத்தியது. அப்படி நினைத்தது தானா என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஏம்மா... சோலார்... வந்துடும்ல?" அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றார். வாங்கிய நாளிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மருமகளின் சாமர்த்தியத்தைச் சொல்லிப் பூரித்தவர்.

"வந்துடும் மாமா. பேசாதீங்க."

"நீ பாத்து... வாங்கினதாச்சே," என்றார். சிரிக்கக்கூடப் பார்த்தார்.

அவள் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். ஜன்னல் வெயில் அவர் நெஞ்சில் முழுதாக விழுந்தது. ஒவ்வொரு எலும்பும், நரைத்த ஒவ்வொரு முடியும் பளிச்சென்று தெரிந்தது. நெஞ்சு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது, தாழ்ந்தது. அடுத்து உயர்வதற்காக அவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.